பல்லிளிக்காத முலாம்

கொடைக்கானலைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் மேகம், ஏரி, குறிஞ்சிப்பூ என்று எழுதுகிறார்கள். துருவைப் பற்றி மட்டும் யாரும் எழுதுவதில்லை. ஏழாயிரம் அடி உயரத்தில், மேகம் கதவைத் தட்டாமல் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டுப் போகிற ஊர் இது. டூரிஸ்ட் அதை போட்டோ எடுக்கிறார். இங்கேயே குடியிருக்கிறவன் தாழ்ப்பாளுக்குத் தேங்காய் எண்ணெய் விடுகிறான்.

என்னிடம் ஒரு எஜ்டி மோட்டார் சைக்கிள் இருக்கிறது. மைசூர் ஐடியல் ஜாவா கம்பெனி தயாரித்தது. அந்தக் கம்பெனியை 1996-லேயே மூடிவிட்டார்கள். வண்டி மட்டும் மூடமாட்டேன் என்கிறது. கிக்கரையே கீழே மடக்கி கியராகவும் போட்டுக்கொள்ளலாம் என்ற அதிசயம் இந்த வண்டிக்கு உண்டு. எஞ்சின் இன்னும் சிங்கம். ஆனால் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிற போல்ட்டு, நட்டு, வாஷர் எல்லாம் ஒரு மழைக்காலம் போனால் வெல்லம் மாதிரி ஆகிவிடும். நிறமும் அதே, உதிர்வதும் அதே!

கீழே சமவெளியில் ஒரு முலாம் பட்டறைக்குப் போனேன். முதலாளி என் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தார்.

''எத்தனை பீஸ் தம்பி?''

''முப்பத்தேழு, அண்ணே.''

''நாங்க கிலோ கணக்குலதான் போடுவோம். அம்பது கிலோ சேர்ந்தா வாங்க.''

ஐம்பது கிலோ போல்ட் சேர வேண்டுமென்றால் நான் வத்தலக்குண்டு மலைப்பாதையில் போகிற பஸ் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். அதனால் வீட்டிலேயே செய்வது என்று முடிவு செய்தேன்.

இதில் பெரிய ரகசியம் ஏதுமில்லை. இத்தாலியில் வோல்ட்டா 1800-ல் பேட்டரியைக் கண்டுபிடித்தார். அவருடைய நண்பர் புருக்னடெல்லி 1805-லேயே அதை வைத்து வெள்ளிமீது தங்கம் ஏற்றிக் காட்டிவிட்டார். 1840-ல் பர்மிங்காமில் எல்கிங்டன் குடும்பத்தார் அதற்குப் பேடன்ட் வாங்கித் தொழிலாக்கினார்கள். அந்தக் காலத்து பேட்டரியில் முடிந்த காரியம், இந்தக் காலத்து யு.பி.எஸ். பேட்டரியில் முடியாதா?

நம் ஊரிலும் இது புதிதில்லை. அழகப்ப செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தூக்கிக் கொடுத்து, நேரு 1948-ல் அடிக்கல் நாட்டி, 1953-ல் டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்த காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையம் இந்த மாதிரி விஷயங்களுக்காகவே இருக்கிறது. செட்டிநாட்டுப் பக்கம் போகிறவர்கள் பலகாரத்தோடு திரும்பிவிடுகிறார்கள். அவ்வளவுதான்.

*

முதல் கேள்வி: எந்த முலாம்?

அக்கா பையன் எட்டாவது படிக்கிறான். ''மாமா, தாமிரம் போடுங்க, ஜம்முனு இருக்கும்'' என்றான். எங்கள் மலையில் தாமிரத்துக்குப் பஞ்சமே இல்லை. தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் காபித் தோட்டம் வைத்திருப்பவர்கள் இலை நோய்க்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து அடிப்பார்கள். போர்டோ கலவை என்று பெயர். பிரான்சில் திராட்சைக்காக மில்லர்டே என்ற பேராசிரியர் 1885-ல் உலகத்துக்குச் சொன்ன சரக்கு. உரக்கடையில் போய் 'மயில்துத்தம்' என்றால் நீலக்கல் மாதிரி பொட்டலம் கட்டித் தருவார்கள். அதாவது நம் உரக்கடைதான் நம் கெமிஸ்ட்ரி லேப்.

பையன் துத்தத் தண்ணீரில் ஒரு ஆணியைப் போட்டான். பேட்டரி கூட இல்லை. ஒரே நிமிஷத்தில் ஆணி செம்பு நிறமாகிவிட்டது. ''ரசவாதம் மாமா!'' என்று குதித்தான். பழநி ஆண்டவர் சிலையை நவபாஷாணத்தில் செய்தவர் போகர் என்பது ஐதீகம். அந்த மலைத்தொடரிலேயே பிறந்த பையன் அல்லவா, கொஞ்சம் அப்படித்தான் இருப்பான்.

துணியால் ஒரு துடை துடைத்தேன். செம்பு துணியோடு வந்துவிட்டது. உள்ளே இரும்பு இளித்தது.

இதுதான் விஷயம். இரும்பைத் துத்தத்தில் போட்டதும் இரும்பு கரைந்து, தாமிரம் அது இருந்த இடத்தில் அவசரமாக வந்து உட்காருகிறது. பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிக்கிற மாதிரி. உறுதியாக உட்கார நேரமில்லை. பட்டறைக்காரர்கள் இரும்பின்மேல் தாமிரம் போடுவதற்கு முதல் அடுக்கை சயனைடு கலந்த கரைசலில் போடுவது வழக்கம். சயனைடு என்ற பெயரைக் கேட்டதுமே நாம் எழுந்து வந்துவிட வேண்டும். அதில் ஒரு சொட்டு ஆசிட் பட்டால் வெளியே வருவது விஷவாயு.

அப்படியே குரோமியத்துக்கும் ஒரு கும்பிடு. கண்ணாடி மாதிரி பளபளக்கும், சரிதான். ஆனால் அதைக் காலம் காலமாகப் போட்டுவந்த ஆறிணைத்திறன் குரோமியக் கரைசல் புற்றுநோய் தரக்கூடியது. ராணிப்பேட்டையில் ஒரு குரோமேட் ஆலை 1995-ல் மூடப்பட்டது. அது விட்டுப்போன கழிவு லட்சம் டன்னுக்கு மேல். மூடிய ஆலையின் கழிவு அந்த ஊர் நிலத்தடி நீரை விடவில்லை. நிக்கலும் தோலுக்கு ஒவ்வாமை தரும், மூச்சில் போனால் இன்னும் மோசம். என் மட்கார்டு போல்ட்டின் அழகுக்காக இவ்வளவு பெரிய சண்டை வேண்டாம்.

மிச்சம் இருப்பது துத்தநாகம். பார்க்கக் கொஞ்சம் சாம்பல் பூசின முகம்தான். ஆனால் குணம் தங்கம். இரும்பைவிட சீக்கிரம் கரையும் உலோகம் என்பதால், துரு பிடிக்க வேண்டிய நேரம் வந்தால் தானே முன்னால் போய் நின்று கரைந்துகொள்ளும். கீறல் விழுந்தாலும் பக்கத்தில் இருக்கிற துத்தநாகம் இரும்பைக் காப்பாற்றும். வீட்டில் அப்பா பெல்ட்டை எடுத்தால் முன்னால் போய் நிற்கிற அண்ணன் மாதிரி. தாமிரமும் குரோமியமும் அப்படி இல்லை. ஒரு கீறல் விழுந்தால் 'நீயே பார்த்துக்க' என்று இரும்பை மாட்டிவிடும். கொடைக்கானல் பழைய பங்களாக்களின் கூரைத் தகரம் இத்தனை மழையைத் தாங்கியது இந்த அண்ணன் புண்ணியத்தில்தான். அது உருக்கிய துத்தநாகத்தில் முக்கி எடுத்தது. நம்முடையது கரண்ட்டில் ஏற்றுவது. காப்பாற்றுகிற வேலை ஒன்றே.

துத்தநாக சல்பேட்டும் உரக்கடைச் சரக்குதான். சமவெளியில் நெல் வயலுக்கு ஹெக்டேருக்கு 25 கிலோ போடச் சொல்வார்கள். நான் வாங்கியது அரைக் கிலோ. ''எத்தனை ஏக்கர்ங்க?'' என்றார் கடைக்காரர். ''ஒரு ஐஸ்கிரீம் டப்பா'' என்றேன். மேலும் கீழும் பார்த்தார்.

*

இப்போது கருவிகள். மொத்தம் மூன்று.

முதலாவது, தொட்டி. இரண்டு லிட்டர் ஐஸ்கிரீம் டப்பா. அதில் ஒரு லிட்டர் பேட்டரி வாட்டர், 250 கிராம் துத்தநாக சல்பேட், கேரம் போர்டில் போடுகிற போரிக் பவுடர் இரண்டு டீஸ்பூன், சமையல் வினிகர் கொஞ்சம். கரைத்து, பழைய வேட்டித் துணியில் இரண்டு தடவை வடிகட்ட வேண்டும். உரத்தில் மண்ணும் மட்டையும் இருக்கும். (காபி வடிகட்டியைத் தொடாதீர்கள். கல்யாணமானவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஆகாதவர்களுக்கு: இந்த வேலைக்கு எடுத்த டப்பா, ஸ்பூன் எதுவும் மறுபடி அடுப்படிக்குள் போகக்கூடாது.)

டப்பாவின் இரண்டு பக்கமும் இரண்டு துத்தநாகத் தகடுகள். பழைய இரும்புக் கடையில் துத்தநாகத் துண்டு கிடைக்கும். சாதா டார்ச் செல்லின் உள்கூடும் துத்தநாகம்தான். ஆனால் அல்கலைன், லித்தியம் செல்களை உடைக்கவே கூடாது. இரண்டு தகடும் பேட்டரியின் பாஸிட்டிவ்வுக்கு. போல்ட்டை மெல்லிய செப்புக் கம்பியில் கட்டி நடுவில் தொங்கவிட்டு நெகட்டிவ்வுக்கு. ஏன் இரண்டு தகடு? கரண்ட்டும் ஷேர் ஆட்டோ மாதிரி, குறுக்குச் சந்தில்தான் போகும். தகட்டைப் பார்த்த பக்கம் முலாம் ஏறும். முதுகுப்பக்கம் வெறுமையாக நிற்கும்.

தகடு என்று சொல்லும்போது ஒரு எச்சரிக்கை. 'கையில் இருக்கிறதே' என்று எவர்சில்வர் ஸ்பூனைப் பாஸிட்டிவ்வில் மாட்டாதீர்கள். அதிலிருந்து குரோமியமும் நிக்கலும் கரைந்து வரும். வேண்டாமென்று வாசலில் நிறுத்தியவர்களைக் கொல்லை வழியாகக் கூப்பிட்ட கதை ஆகிவிடும்.

12 வோல்ட் பேட்டரியை நேராகக் கொடுத்தால் போல்ட் கருகிக் கறுப்புப் பொடியாகிவிடும். வேலைக்குத் தேவை இரண்டு, மூன்று வோல்ட்தான். இதற்கு ஒரு சுலபமான வழி: வண்டியின் இண்டிகேட்டர் பல்பு, 12 வோல்ட் 10 வாட், அதை வழியிலேயே சேர்த்துவிடுவது. முக்கால் ஆம்பியருக்கு மேல் அவ்வளவாக விடாது. பல்பு கொஞ்சம் மங்கலாக எரிந்தால் வேலை நடக்கிறது. முழு வெளிச்சம் என்றால் போல்ட்டும் தகடும் முட்டிக்கொண்டிருக்கின்றன. எரியவே இல்லையென்றால் கிளிப் கழன்றுவிட்டது. நம் ஆபீஸில் எந்த சீட்டில் வேலை நடக்கிறது என்று தெரிய இப்படி ஒரு பல்பு இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! வீட்டு மெயின் கரண்ட்டை மட்டும் இந்தப் பக்கம் கொண்டுவரவே கூடாது. அது முலாம் பூசாது, நமக்கு மாலை போடும்.

கணக்கும் உண்டு. ஒரு ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால் 1.22 கிராம் துத்தநாகம் ஏறும். ஃபாரடே சொன்ன விதி. நான்கைந்து நடுத்தர போல்ட்டின் மொத்தப் பரப்பு 75 சதுர செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். முக்கால் ஆம்பியரில் அரை மணிக்கு எட்டு மைக்ரான் கிடைக்கும். நம் தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குதான். இதற்கு மேல் பேராசைப்பட்டால் மரையில் நட்டு ஏறாது.

இரண்டாவது, பிரஷ். தொட்டிக்குள் அடங்காத ஸ்டாண்டு, கேரியர் மாதிரி சாமான்களுக்கு. பழைய பெயின்ட் பிரஷ்ஷின் கைப்பிடியில் ஒரு துத்தநாகப் பட்டையைக் கட்டி, அதன்மேல் காயத்துக்குக் கட்டுகிற பேண்டேஜ் துணியை நாலு சுற்று சுற்றி, ரப்பர் பேண்டு போட வேண்டியது. பட்டைக்குப் பாஸிட்டிவ், சாமானுக்கு நெகட்டிவ், நடுவில் அதே பல்பு. கரைசலில் தோய்த்துத் தோய்த்துத் தேய்க்க வேண்டும். கையை நிறுத்தக்கூடாது. நின்ற இடம் கருகும்.

இதைச் செய்துகொண்டிருந்தபோது அம்மா எட்டிப் பார்த்து, ''ஈயம் பூசுறவர் மாதிரியே இருக்குடா'' என்றாள். உண்மைதான். தெருவில் குழி தோண்டி, துருத்தி வைத்து, பித்தளை அண்டாவைச் சூடாக்கி, நவச்சாரத்தைத் தூவி, வெள்ளீயத்தைத் தொட்டுப் பஞ்சால் ஒரே இழுப்பாக இழுப்பார்களே, அதே கை. அவருக்கு நெருப்பு, நமக்கு பேட்டரி. 'ஈயத்தைப் பார்த்து இளித்ததாம் பித்தளை' என்று பழமொழி சொல்கிறோம். அந்த இளிப்பைத் தடுக்க ஒரு கூட்டமே தெருத்தெருவாக நடந்திருக்கிறது.

மூன்றாவது, உருளை. வாஷர், சின்ன நட்டு இவற்றை ஒவ்வொன்றாகக் கம்பியில் கட்டினால் ரிடையர்மென்ட் வந்துவிடும். ஒரு பிளாஸ்டிக் மாத்திரை டப்பாவில் சுற்றிலும் துளை போட்டு, உள்ளே செப்புக் கம்பி நுனியை விட்டு, நட்டுகளைக் கொட்டி மூடித் தொட்டிக்குள் படுக்க வைத்து மெதுவாக உருட்ட வேண்டும். உருளுகிற நட்டுகள் ஒன்றையொன்று தொட்டு, கம்பியையும் தொட்டு, எல்லாவற்றுக்கும் கரண்ட் போய்ச் சேரும். ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு ஒரு கையால் உருட்டியபடி இன்னொரு கையால் வாரப்பத்திரிகை படிக்கலாம். பெரிய பட்டறைகளில் மோட்டார் வைத்துச் செய்வதும் இதைத்தான்.

*

கருவியெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. ஆனால் முலாம் நிற்பதும் உரிவதும் கருவியில் இல்லை ஸார். கரண்ட் கொடுப்பதற்கு முன்னால் நடக்கிற துப்புரவில் இருக்கிறது. பத்து மணி நேர வேலை என்றால் ஒன்பது மணி நேரம் தேய்ப்பு.

முதலில் மண்ணெண்ணெயில் கிரீஸ் போக வேண்டும். பிறகு கம்பி பிரஷ், உப்புத்தாள். பிறகு சலவை சோடா போட்ட கொதிதண்ணீர். துரு மிச்சமிருந்தால் வினிகரில் சில மணி நேரம். பிறகு அலசல். கடைசியில் ஒரு பரீட்சை. போல்ட்டை நல்ல தண்ணீரில் முக்கித் தூக்கிப் பார்க்க வேண்டும். தண்ணீர் முழுக்கப் படர்ந்து ஒரே ஏடாக நின்றால் பாஸ். தாமரை இலைத் தண்ணீர் மாதிரி முத்து முத்தாகப் பிரிந்தால் எங்கேயோ எண்ணெய் ஒட்டிக்கொண்டிருக்கிறது, மறுபடி சோடாவுக்குப் போ. பெரிய ஆலைகளிலும் இதே பரீட்சைதான் வைக்கிறார்கள். பாஸானதை விரலால் தொடக்கூடாது. நம் விரலே எண்ணெய் மில்.

ஈயம் பூசுகிறவர் நவச்சாரம் தூவியதும் இதற்குத்தான், உலோகத்தின் நிஜ முகத்தை வெளியே கொண்டுவர. அழுக்கின்மேல் ஏற்றிய முலாம் அழுக்கோடு போய்விடும்.

முலாம் ஏறினதும் அலசித் துடைத்து, செலோ டேப்பை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று பிய்த்துப் பார்க்கலாம். டேப்போடு வரவில்லையென்றால் நின்றுவிட்டது. பித்தளைக் கம்பி பிரஷ்ஷால் லேசாகத் தேய்த்தால் ஒரு மங்கிய பளபளப்பு வரும். மேலே மெல்லிய எண்ணெய்ப் பூச்சு. ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்ய வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். போல்ட்டிலிருந்து குமிழ் குமிழாக வருவது ஹைட்ரஜன். பக்கத்தில் சிகரெட்டோடு நிற்கிற நண்பர்களை அனுப்பிவிடுங்கள்.

அந்த ஹைட்ரஜனால்தான் எனக்கும் என் நண்பனுக்கும் இரண்டு மாதம் பேச்சு வார்த்தை இல்லாமல் போனது.

அவன் பக்கத்து செக்‌ஷன். புல்லட் வைத்திருக்கிறான். என் போல்ட்டுகளைப் பார்த்துவிட்டு ஒரு பொட்டலத்தோடு வந்தான்.

''மாப்ளே, இதுக்கும் போட்டுக் குடு.''

பிரித்தேன். முன் பிரேக்கைப் பிடிக்கிற இரண்டு போல்ட்டுகள், தலையில் 10.9 என்று அச்சு. கூடவே ஒரு பிரேக் ஸ்பிரிங்.

''இதுக்குப் போடக்கூடாதுடா.''

''ஏன், என் வண்டின்னா எளக்காரமா?''

விளக்கம் இதுதான். முலாம் ஏறும்போதும், ஆசிட்டில் ஊறும்போதும் உண்டாகிற ஹைட்ரஜனில் ஒரு பகுதி குமிழாகப் போகாமல் இரும்புக்குள்ளேயே நுழைந்துவிடும். சாதா இரும்பு போல்ட் அதைப் பொறுத்துக்கொள்ளும். நன்றாகக் கடினமாக்கப்பட்ட எஃகு பொறுக்காது. 10.9, 12.9 என்று தலையில் போட்ட போல்ட்டுகள், ஸ்பிரிங்குகள் எல்லாம் அந்த ஜாதி. உள்ளே போன ஹைட்ரஜனால் எஃகு நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. புது மாப்பிள்ளை மாதிரி பளபளவென்று இருக்கும். முறுக்கி மாட்டும்போதும் தாங்கும். சில மணி நேரமோ சில நாளோ கழித்து, ஒரு நாள் டக்கென்று முறியும். தொழிற்சாலைகளில் முலாம் போட்ட கையோடு அடுப்பில் 200 டிகிரிக்குக் கொஞ்சம் குறையாகப் பல மணி நேரம் சுட்டு ஹைட்ரஜனை வெளியேற்றுவார்கள். அதைச் சரியாகச் செய்தோமா என்று சோதிக்க என் வீட்டில் வசதி இல்லை. பரணில் இருக்கிற கேக் அடுப்பை நம்பி பிரேக்கை ஒப்படைக்க முடியாது.

இதையெல்லாம் சொன்னேன். ''உனக்கு மனசில்ல, அதச் சொல்லு'' என்று பொட்டலத்தைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டான். அதற்குப் பிறகு டீ பிரேக்கில் நான் ஒரு பெஞ்சு, அவன் ஒரு பெஞ்சு.

எனக்கு வருத்தம்தான். ஆனால் சமவெளியில் பிரேக் போல்ட் முறிந்தால் வண்டி ஏதாவது வயலில் போய் நிற்கும். எங்கள் ஊரிலிருந்து கிளம்புகிற எல்லா ரோடும் கீழே போகிற ரோடு. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் ஆகாயம். சிநேகிதம் முறிந்தால் ஒட்டிக்கொள்ளலாம்.

*

இன்னொரு கேள்வி பக்கத்து வீட்டுப் பாட்டியிடமிருந்து வந்தது. தொட்டியை, பல்பை, நட்டு உருட்டுவதை எல்லாம் ஒரு மணி நேரம் வேலியோரம் நின்று பார்த்தார்.

''எல்லாம் சரி அய்யா. அந்தத் தண்ணிய எங்க ஊத்துவ?''

கொடைக்கானலில் இந்தக் கேள்வியை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. இங்கே ஹிந்துஸ்தான் லீவர் கம்பெனியின் பாதரச தெர்மாமீட்டர் தொழிற்சாலை இருந்தது. பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு ஊருக்குள் பழைய சாமான் கிடங்கில் கிடந்தது தெரியவந்து, 2001 மார்ச்சில் அது மூடப்பட்டது. 2003-ல் 290 டன் கழிவும் மண்ணும் கப்பலேறி அமெரிக்கா போயின. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருக்கு உடன்பாடு ஏற்பட்டது 2016-ல். தொழிற்சாலைக்குக் கீழே பாம்பார் சோலை. அந்தப் பாம்பாறு இறங்கிப் போய்த்தான் பெரியகுளம் பக்கத்தில் கும்பக்கரை அருவியாக விழுகிறது. மலையின் தெற்குச் சரிவில் விழும் தண்ணீர் வைகைக்கு, வடக்குச் சரிவில் விழுவது சண்முகநதி வழியாக அமராவதிக்கு, அங்கிருந்து காவிரிக்கு. மலைமேல் குடியிருப்பவன் வாசலில் ஊற்றுவது, எங்கோ ஒருவர் சொம்பில் வந்து சேரும்.

''உரந்தானே பாட்டி, செடிக்கு ஊத்திடலாம்னு ஒரு நினைப்பு'' என்றேன்.

''உப்புக்கூடச் சமையலுக்குத்தான். அதுக்காக ஒரு மூட்டையக் கொட்டுவாங்களா?''

பேப்பரில் கணக்குப் போட்டேன். ஹெக்டேருக்கு 25 கிலோ என்றால் சதுர மீட்டருக்கு இரண்டரை கிராம். என் டப்பாவில் இருப்பது 250 கிராம். இரண்டரை சென்ட் நிலத்துக்குப் பரப்ப வேண்டிய மருந்தை ஒரு ரோஜாச் செடியின் காலடியில் கொட்டினால் அது பூக்காது, கும்பிடு போட்டுவிடும். ஓடையில் கலந்தால் மீனுக்கு ஆகாது. பாட்டி கணக்குப் போடாமலே சொல்லிவிட்டார்.

ஆனால் யோசித்தால், ஊற்ற வேண்டிய அவசியமே இல்லை. தொட்டியில் போல்ட்டில் ஏறுகிற அளவுக்குத் தகடு கரைந்து கணக்கை நேர் செய்துகொண்டே இருக்கிறது. எனவே கரைசல் தீராது. வடிகட்டி வைத்தால் வருஷக்கணக்கில் வரும். போல்ட்டை வெளியே எடுத்ததும் அலசுகிற தண்ணீர்தான் தலைவலி. முதல் அலசலுக்கு ஒரே ஒரு டம்ளர் தண்ணீரை மட்டும் வைத்துக்கொண்டேன். கரைசல் ஆவியாகிக் குறையும்போது அந்தத் தண்ணீரையே அதில் விட்டு நிரப்புவேன். இரண்டாம் அலசல் தண்ணீரில் சலவை சோடாவைப் போட்டால் துத்தநாகம் வெள்ளை மண்டியாக அடியில் படியும். தெளிந்ததைத் தட்டில் ஊற்றி ஆவியாக விட வேண்டும். (கொடைக்கானல் வெயிலில் அது ஆவியாவதற்குள் அடுத்த சம்பள கமிஷன் வந்துவிடும் என்பது வேறு விஷயம்.) மண்டியைக் காயவைத்து, மூடி போட்ட பாட்டிலில் 'துத்தநாகம் - விஷம்' என்று எழுதி, குழந்தைக்கு எட்டாத இடத்தில் வைத்திருக்கிறேன். கீழே ஒரு பட்டறைக்காரர், தன் கழிவை முறையாக அனுப்புகிறவர், 'வரும்போது கொண்டு வாங்க தம்பி, எங்களோடதோட சேர்த்து அனுப்பிடலாம்' என்றிருக்கிறார். இத்தனை நாளில் கால் பாட்டில்கூட சேரவில்லை.

*

கணக்கு இதுதான்: முப்பத்தேழு போல்ட், மூன்று ஞாயிற்றுக்கிழமை. கடையில் புது போல்ட் வாங்கியிருந்தால் இதைவிட சல்லிசு என்று வீட்டில் ஒரு கட்சி சொல்கிறது. அது வாஸ்தவம். ஆனால் எஜ்டிக்கென்று இருக்கிற சில போல்ட்டுகள் கடையில் இல்லை. அப்புறம், நம் கையால் ஒரு இரும்பின் முகம் மாறுவதைப் பார்க்கிற சந்தோஷம் எந்தக் கடையிலும் இல்லை. பகல் முழுக்க ஃபைலில் 'பார்வைக்கு' என்று எழுதுகிறவனுக்கு அது பெரிய விஷயம் ஸார்.

இரண்டு மழைக்காலம் தாண்டியாயிற்று. போல்ட்டுகளில் அங்கங்கே வெள்ளையாகப் பூத்திருக்கிறது. அது துத்தநாகம் தன்னைக் கொடுத்துக்கொண்டிருப்பதன் அடையாளம். சிவப்பாக எதுவும் தெரியவில்லை. அண்ணன் இன்னும் முன்னால் நிற்கிறான்.

நண்பன்? போன மாதம் அவன் அப்பாவை ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டுமென்று மழையில் அவசரமாக வத்தலக்குண்டுக்கு இறங்க வேண்டியிருந்தது. புல்லட்டில் அப்பாவைப் பின்னால் உட்கார வைத்து எல்லா வளைவும் இறங்கிவிட்டு, ராத்திரி போன் பண்ணினான். அப்பாவுக்கு ஒன்றுமில்லை, வாயுத்தொல்லைதான் என்றான். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை.

''மாப்ளே... அந்த பிரேக் போல்ட்டு கறுப்பாவே இருக்கட்டும்டா.''

''சரிடா.''

''சைடு ஸ்டாண்டு மட்டும் கழட்டிக் கொண்டாறேன். அதுக்குப் போடலாம்ல?''

போடலாம். ஆனால் தேய்க்கிற வேலை மட்டும் அவனுடையது என்று சொல்லியிருக்கிறேன்.